பல் கிளினிக்ல 14,500 ரூபாய் வாங்கிட்டு வலியோட அனுப்பிட்டாங்க. வடசென்னைக்காரங்க கவனமா இருங்க

இன்னும் வாய் முழுசா திறக்க வரல. வயிறு எரிஞ்சுதான் எழுதறேன், எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கம் இருக்கறவங்க யாரும் இந்த மாதிரி மாட்டக்கூடாது. என்னென்ன கேட்டு வாங்கணும்னு கடைசியில விவரமா போடறேன்.

எனக்கு வலது பக்கம் கீழ கடைசிப் பல், ஞானப்பல், பாதி ஈறுக்குள்ளயே சாஞ்சு முளைச்சு முன்னாடி பல்லை முட்டிக்கிட்டு இருந்துது. மழைக்காலம் வந்தா ஈறு வீங்கிடும், சோறு மெல்ல முடியாது. எடுத்துத்தான் ஆகணும்னு முன்னாடியே சொல்லியிருந்தாங்க. எங்க வீட்டுப் பக்கம் மாடியில ஒரு பல் கிளினிக். ஏசி, கண்ணாடிக் கதவு, கீழ 'இலவசப் பரிசோதனை'ன்னு போர்டு. பேர் போடல. பேர் போட்டா பதிவைத் தூக்க வச்சிடுவாங்க, எனக்கு இது நாலு பேருக்குப் போய்ச் சேரணும்.

அந்த டாக்டர் பேசின விதத்தைச் சொல்றேன், ஏன்னா அங்கதான் நாங்க நம்பினோம். எக்ஸ்ரேவை ஸ்கிரீன்ல போட்டு, "இதோ பாருங்கம்மா, வேருக்குப் பக்கத்துல நரம்பு போகுது. சாதாரணமா இழுக்க முடியாது. எங்க சர்ஜன் ஞாயித்துக்கிழமை வருவார், அவர்தான் எடுக்கணும்"னு பொறுமையா விளக்கினார். எக்ஸ்ரே, ஆபரேஷன், மாத்திரை, தையல் பிரிக்கிறது, அப்புறம் வந்து காட்டறது எல்லாம் சேத்து 15,000, கேஷா கொடுத்தா 14,500ன்னார். என் வீட்டுக்காரர், "ராத்திரியில வலி வந்தா என்ன சார் பண்றது?"ன்னு கேட்டார். உடனே சீட்டைத் திருப்பி, "இது என் சொந்த நம்பர், எத்தனை மணின்னாலும் கூப்பிடுங்க"ன்னு எழுதிக் கொடுத்தார். ஒரு டாக்டரோட சொந்த நம்பர் எங்க வீட்ல இதுக்கு முன்ன யார்கிட்டயும் இருந்ததில்ல. வெளிய வந்து ரெண்டு பேரும் அதையேதான் பேசிக்கிட்டு நடந்தோம். பொண்ணு ஸ்கூல் ஃபீஸுக்குன்னு எடுத்த சீட்டுப் பணத்துலேர்ந்து 14,500 எண்ணிக் கொடுத்தோம்.

சர்ஜன் லேட்டா வந்தார், வந்ததும் அவசரம். ஊசி போட்டு மரத்ததும் எலும்பை ராவற சத்தம், படக்குன்னு ஒரு முறிவு. "முடிஞ்சுது"ன்னு எழுந்துட்டார். பல்லைப் பாக்கணும்னு கேட்டேன், குப்பையில போயிடுச்சுன்னாங்க. பில் கேட்டா சிஸ்டம் வேலை செய்யல, வாட்ஸ்அப்ல அனுப்பறோம்னாங்க. மாத்திரை சேத்துன்னு சொன்னவங்க, சீட்டு எழுதி கீழ மெடிக்கல்ல வாங்கிக்கச் சொன்னாங்க. பஞ்சை வச்சுவிட்ட பொண்ணு, "அக்கா, சாயங்காலமே உப்புத்தண்ணி விட்டு நல்லா கொப்பளிங்க"ன்னு சொல்லி அனுப்பிச்சு. அப்படியே செஞ்சேன்.

முதல்ல இருந்த வலி தாங்கற மாதிரிதான் இருந்துது. மூணாம் நாள் ராத்திரி காதுலேர்ந்து மோவாய் வரைக்கும் இழுத்துப் பிடிச்சுது பாருங்க, பிரசவ வலி கண்டவ நான், இதுக்கு அழுதேன். வாயில ஒரு கெட்ட நாத்தம். அந்தச் சொந்த நம்பருக்கு அடிச்சோம். எடுக்கல. காலைல ரிசப்ஷன்ல, "நார்மல்தான்க்கா." மறுபடி கூப்பிட்டா, "டாக்டர் பேஷண்ட்கிட்ட இருக்கார்." போட்டோ அனுப்புங்கன்னாங்க, அனுப்பினேன், பாத்ததுக்கு நீல டிக் வந்துது, பதில் வரல. நேர்ல போனா, "அது வெளி சர்ஜன் பண்ணது, அவர் ஞாயித்துக்கிழமைதான் வருவார்." 14,500 வாங்கும்போது அவர் "எங்க சர்ஜன்", வலின்னு போனா வெளி சர்ஜனா? கடைசியா, திறந்து பாக்கணும்னா தனியா 4,000 ஆகும்னாங்க. அப்படியே திரும்பிட்டோம்.

கோட்டை ஸ்டேஷன் கிட்ட இருக்கற அரசு பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு காலைலயே போனோம். கூட்டம்தான், காத்திருக்கணும். ஆனா அங்க இருந்த டாக்டரம்மா பாத்த உடனே சொல்லிட்டாங்க, டிரை சாக்கெட். பல் எடுத்த குழியில ரத்தம் உறைஞ்சு மூடி நிக்கணுமாம், அதுதான் எலும்புக்குப் பாதுகாப்பு. அது கலைஞ்சு எலும்பு வெளிய தெரியுதுன்னாங்க. "முதல் 24 மணி நேரம் கொப்பளிக்கவே கூடாதே, யார் சொன்னது?"ன்னு கேட்டாங்க. குழியைக் கழுவி கிராம்பெண்ணெய் மருந்துத் துணியை வச்சாங்க. கொஞ்ச நேரத்துலயே வலி அடங்கினது எனக்கு நம்பவே முடியல. இவ்வளவுதான் வைத்தியம்! இதைச் செய்யாம என்னை அத்தனை ராத்திரி துடிக்க விட்டாங்க.

டிரை சாக்கெட் யாருக்கு வேணா வரலாம், கீழ் ஞானப்பல்லுக்கு அதிகமாவே வரும்னு அவங்களே சொன்னாங்க. வந்ததுக்காக நான் கிளினிக்கைத் திட்டல. வந்தப்புறம் முகத்தைத் திருப்பிக்கிட்டாங்களே, அதுக்குத்தான். இன்னொண்ணு, ஓபிஜி எக்ஸ்ரேல, அதான் தாடை முழுசும் தெரியற எக்ஸ்ரே, வேரோட நுனி ஒண்ணு உள்ளயே தெரியுது. நரம்புக்கு ரொம்பக் கிட்ட இருந்தா சின்னத் துண்டை விட்டுடறது உண்டாம். ஆனா பேஷண்ட்கிட்ட சொல்லி எழுதியும் வைக்கணும்னாங்க. எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல.

எக்ஸ்ரேவை எடுத்துக்கிட்டுப் போய்ப் பணத்தைக் கேட்டோம். "வேணும்னுதான் விட்டோம். பில் இருக்கா? டாக்டர் மேலல்லாம் கேஸ் போட முடியாது"ன்னு மேனேஜர் சொன்னார். பாரிஸ் கார்னர்ல வக்கீல் ஆபீஸ்ல வேலை பாக்கற என் தம்பி சொன்னான், காசு வாங்கிட்டுப் பாக்கற வைத்தியம் நுகர்வோர் சட்டத்துல வரும்னு சுப்ரீம் கோர்ட் 1995லயே தீர்ப்பு கொடுத்திருக்குன்னு. கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள்ள இருந்தா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல மனுவுக்கு கட்டணமே கிடையாதாம், ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். அந்த வாட்ஸ்அப் மெசேஜையும் நம்பர் எழுதின சீட்டையும் பத்திரமா வச்சிருக்கேன்.

விவரமா எழுதறேன்னு சொன்னேன், தாடை இழுக்குது, சுருக்கமா சொல்லிடறேன். பில் கைக்கு வராம கேஷ் கொடுக்காதீங்க. எடுக்கப்போற டாக்டர் யாரு, அவர் வராத நாள்ல யார் பாப்பாங்கன்னு முன்னாடியே கேளுங்க. எடுத்த அன்னிக்குக் கொப்பளிக்காதீங்க, துப்பாதீங்க, ஸ்ட்ரா வச்சு உறியாதீங்க, வீட்டு ஆம்பளைங்க பீடி சிகரெட் தொடக்கூடாது. நாள் ஆக ஆக வலி குறையணும். ஏறிச்சுன்னா யார் நார்மல்னு சொன்னாலும் கேக்காதீங்க, வேற டாக்டர்கிட்ட உடனே காட்டுங்க. நுகர்வோர் உதவி எண் 1915.

டிரெஸ்ஸிங் மாத்தக் கிளம்பணும். அந்த 14,500 திரும்பி வந்தா இங்கயே எழுதறேன்.