ஊர்க்கூடங்கள் சேர்ந்து விளம்பரம் செய்ய: விழாவா, வாரக் கச்சேரியா?

ஐந்து ஊர்களின் சமுதாயக் கூடங்கள் சேர்ந்து, கலை பார்க்கவென்றே பயணம் வருபவர்களை அழைக்க இரண்டு வழிகளிலும் இறங்கிப் பார்த்தோம். முதலில் விழா, அப்புறம் வாரக் கச்சேரி. வாரக் கச்சேரியோடு நின்றுவிட்டோம்.

விழா என்றால் எனக்கு உடனே நினைவுக்கு வருவது கனடாவின் கேப் பிரெட்டன் தீவில் நடக்கும் செல்டிக் கலர்ஸ். 1997-ல் தொடங்கியது. அக்டோபரில் ஒன்பது நாள், தீவெங்கும் உள்ள ஊர்க்கூடங்களிலும் தேவாலயங்களிலும் கச்சேரி. கோடைக் கூட்டம் கலைந்த பிறகு, இலைகள் நிறம் மாறும் சமயத்தில் வைக்கிறார்கள். ஒரே பெயர், ஒரே பிரசுரம், ஒரே டிக்கெட் ஏற்பாடு. அதன் வசதிகள் பார்த்தாலே தெரியும்.

இன்னொரு வழிக்கு அமெரிக்காவில், தென்மேற்கு வர்ஜீனியாவின் க்ரூக்கட் ரோடு. சுமார் 330 மைல் நீளும் இந்த இசைப் பாதையில் ஃப்ளாய்ட் என்ற சிற்றூரின் பழைய கடையில் வெள்ளிதோறும் கச்சேரி. ஹில்டன்ஸ் என்ற ஊரில், நாட்டுப்புறப் பாடல்களால் பேர்பெற்ற கார்ட்டர் குடும்பத்தின் பெயர் தாங்கிய அரங்கில் சனிதோறும். கிழமை தெரிந்தால் போதும், கிளம்பிவிடலாம்.

எங்கள் முடிவும் அந்தக் கிழமையில்தான் வந்து நின்றது. கூட்டு விளம்பரத்தில் அச்சடிப்பதோ, இணையதளம் தொடங்குவதோ கஷ்டமில்லை. பொதுவான நாட்காட்டியைச் சரியாக வைத்திருப்பதுதான் கஷ்டம். ஒரு கூடத்தில் கல்யாணம் வந்தால் கச்சேரி தள்ளிப்போகும். வாசலில் அறிவிப்பு ஒட்டுவார்கள், உள்ளூர்க்காரர்களுக்குத் தெரிந்துவிடும். பொது நாட்காட்டியில் மட்டும் பழைய தேதியே கிடக்கும். அப்படித்தான் ஒரு மாலை, தொலைவிலிருந்து வந்த தம்பதி பூட்டிய கதவின் முன் நின்றார்கள். அந்த ஏமாற்றம் ஒரு கூடத்தோடு போகவில்லை, மற்ற நான்கின் பெயரையும் சேர்த்துக் கெடுத்தது. எங்களில் எல்லாருமே வேறு வேலை பார்த்துக்கொண்டே கூடத்தையும் கவனிப்பவர்கள். தினமும் தேதி திருத்த ஆள் வைக்க முடியாது.

அதனால் கூடத்துக்கு ஒரு கிழமை என்று பிரித்துக்கொண்டோம். அந்த மாலையில் வேறு எதற்கும் வாடகைக்கு விடுவதில்லை. வருமானம் கொஞ்சம் போகிறது, போகட்டும். ஒருமுறை அடித்த பிரசுரம் இரண்டு வருடமாகச் செல்லுபடியாகிறது. விடுதிக்காரர் தேதி பார்க்காமலேயே "இன்றைக்குப் பக்கத்து ஊரில் பாட்டு இருக்கிறது" என்று சொல்லி அனுப்புகிறார். வியாழன் ஓர் ஊரில் கேட்டவர் வெள்ளிக்கும் தங்குகிறார்.

விழாவை நாங்கள் ஒரே ஒரு வருடம்தான் நடத்தினோம். நான்கைந்து வருடம் ஊன்றி நடத்தியவர்கள் வேறு மாதிரி சொல்லலாம். வாரம் தவறாமல் மேடையேற உள்ளூரில் கலைஞர்கள் இல்லாத இடத்தில் நானும் விழாவைத்தான் சொல்வேன். எங்களிலேயே ஒரு கூடத்துக்கு வாரம் ஒன்று தாங்கவில்லை. அங்கே மாதத்தின் முதல் சனிக்கிழமை மட்டும் கச்சேரி வைக்கிறார்கள்.