தீம் பார்க் ஹோட்டல் அறைகள்: பழைய அலங்காரமா, புதிய கதாபாத்திரமா, வெறும் வெள்ளைச் சுவரா?

தீம் பார்க்குக்குள்ளேயே இருக்கும் ஹோட்டலுக்கு வெளியே உள்ள ஹோட்டலைவிட அதிகப் பணம் கொடுக்கிறோம். பூங்கா பக்கத்தில் இருக்கிறது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், இரவில் பூங்காவின் கதவு மூடிய பிறகும் அந்த உலகம் நம்மோடு வரும் என்ற எதிர்பார்ப்பு. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாக நடக்கும் புதுப்பிப்புகளில் பலமுறை அடிபடுவது இந்த எதிர்பார்ப்புதான். லாபி ஒரு கதை சொல்கிறது. அறைக்குள் போனால் வேறு கதை, இல்லையென்றால் கதையே கிடையாது.

இதைப் பற்றிப் பேச்சு வந்தாலே இரண்டு கட்சி ஆகிவிடுகிறது. பழசுதான் அழகு என்று ஒரு பக்கம், குழந்தைகளுக்குக் கார்ட்டூன் பிடிக்கும், விடுங்கள் என்று இன்னொரு பக்கம். எனக்கு இரண்டிலும் முழு உடன்பாடு இல்லை. கதாபாத்திரங்கள் வந்ததால் கெட்டுப்போன அறையும் இருக்கிறது, அவற்றால் உயிர்பெற்ற அறையும் இருக்கிறது. நான் கேட்பது ஒரே கேள்வி: அந்தக் கட்டடம் எந்த இடமாக, எந்தக் காலமாக இருக்க ஆசைப்பட்டதோ, அதை அறையும் தொடர்கிறதா? அந்தக் கேள்வியை வைத்தே சில ஹோட்டல்களை ஜோடி ஜோடியாகப் பார்க்கலாம்.

கன்டெம்பரரியும் பாலினீசியனும்

இந்த ஒப்பீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான ஜோடி கிடைக்காது. புளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டு 1971 அக்டோபர் 1 அன்று திறந்தபோது, அதோடு சேர்ந்து திறந்த ஹோட்டல்கள் இவை இரண்டும். இரண்டின் அறைகளையும் யு.எஸ். ஸ்டீல் நிறுவனம் தனித்தனிப் பெட்டிகளாகவே கட்டி முடித்து, பிறகு கொண்டுவந்து பொருத்தியது. ஒன்று எதிர்காலம்: ஆங்கில ‘ஏ’ எழுத்து வடிவக் கோபுரம், அதன் வயிற்றுக்குள்ளேயே நுழைந்து போகும் மோனோரயில். இன்னொன்று தென்கடல் தீவு: நீள்வீடுகள், பனை மரங்கள், குளக்கரை. ஐம்பதாவது ஆண்டான 2021-இல் இரண்டின் அறைகளும் புதுப்பிக்கப்பட்டன. கன்டெம்பரரிக்கு ‘தி இன்கிரெடிபிள்ஸ்’ குடும்பம் வந்தது. பாலினீசியனுக்கு ‘மோனா’ வந்தது.

பெயரை மட்டும் கேட்டால் மோனாதான் சரியான பொருத்தம் என்று தோன்றும். படம் பசிபிக் தீவுகளில் நடக்கிறது, ஹோட்டலும் பசிபிக் தீவுகளைப் பற்றியது. ஆனால் என் கணக்கில் கன்டெம்பரரிதான் ஜெயிக்கிறது. இன்கிரெடிபிள்ஸ் படத்தின் உலகமே அறுபதுகளில் மனிதர்கள் கற்பனை செய்த எதிர்காலம். தாழ்வான சோபா, கோணலான கோடுகள், பளிச்சென்ற சிவப்பும் ஆரஞ்சும். 1971-இல் கட்டிய அந்தக் கோபுரமும் அதே கனவிலிருந்துதான் பிறந்தது. அதற்கு முன் இருந்த அறைகளில் பழுப்பும் சாம்பலுமாக ஒரு நவீனம் இருந்தது. எந்த நகரத்து வணிக ஹோட்டலிலும் அதைப் பார்க்கலாம். இப்போது கதாபாத்திரப் படங்களைக் கழற்றிவிட்டாலும் மிச்சமிருக்கும் நிறமும் வடிவமும் கட்டடத்துக்குப் பொருந்தும். ஒரு புதுப்பிப்பு இழந்ததைத் திருப்பிக் கொடுப்பது அபூர்வம். இங்கே ஓரளவு நடந்திருக்கிறது. கீழே பெரிய கூடத்தில் டிஸ்னி ஓவியர் மேரி பிளேர் வடிவமைத்த 90 அடிச் சுவரோவியமும், அதில் ஐந்து கால்களோடு நிற்கும் ஆடும் இன்னும் அப்படியே இருப்பது கூடுதல் நிம்மதி.

பாலினீசியனில் நடந்தது வேறு. அங்கே முன்பு கருமரச் சாமான்கள், செதுக்குவேலை, இலை அச்சிட்ட துணிகள் என்று அறை கொஞ்சம் இருட்டாகவே இருக்கும். அந்த இருட்டும் கதையின் ஒரு பகுதிதான். வெளியே வெயில், உள்ளே குடிசையின் குளிர்ச்சி. புதிய அறை வெளிச்சமானது, கடல் நிறங்கள் கொண்டது, இடவசதியும் நன்றாக இருக்கிறது. ஆனால் இப்போது நாம் தங்குவது ஒரு தீவில் அல்ல, ஒரு படத்தின் சுவரொட்டிக்குள். பழைய தீவும் அசல் பாலினீசியா இல்லை, அமெரிக்கர்கள் தங்களுக்காகக் கற்பனை செய்துகொண்ட தென்கடல்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் அந்தக் கற்பனையை லாபி முதல் படுக்கை வரை ஒரே மூச்சில் சொன்னார்கள்.

பாலினீசியனின் பெரிய இழப்பு அறையில் நடந்ததும் இல்லை. 1971 முதல் லாபியின் நடுவே பாறையும் செடிகளுமாக ஓர் அருவி விழுந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்ததும் ஈரக்காற்றும் நீர்ச்சத்தமும் வந்து மோதும். 2014 புதுப்பிப்பில் அதை எடுத்துவிட்டு, சின்னதாக ஒரு நீரமைப்பை வைத்து, சுற்றி உட்கார இடம் விட்டார்கள். இடவசதி கூடியது உண்மைதான். ஆனால் வந்து சேர்ந்த கணத்திலேயே ‘வேறெங்கோ வந்துவிட்டோம்’ என்று உணரவைத்த ஒரே பொருள் அது. துணியும் வண்ணமும் மறுபடி மாறலாம். அந்த அருவி திரும்பி வராது.

வெள்ளை மெத்தை ஏன் வந்தது?

அலங்காரம் குறைந்ததற்கு அழகுணர்ச்சி இல்லாமை மட்டும் காரணமில்லை. 1999-இல் வெஸ்டின் நிறுவனம் முழு வெள்ளைப் படுக்கையை ‘ஹெவன்லி பெட்’ என்ற பெயரில் கொண்டுவந்தது; கொஞ்ச காலத்தில் ஹோட்டல் தொழிலே அந்த வழிக்கு வந்துவிட்டது. பழைய பூப்போட்ட கனமான மேல்விரிப்பு ஒவ்வொரு விருந்தினருக்கும் துவைக்கப்படுவதில்லை என்று எல்லோருக்கும் தெரிந்த பிறகு அதில் படுக்க யாருக்கு மனம் வரும்? வெள்ளை என்றால் அழுக்கு தெரியும், வெளுத்துத் துவைக்கலாம். தரைவிரிப்புக் கதையும் அதுதான். நீச்சல் குளத்திலிருந்து ஈரக்காலோடு ஓடிவரும் குழந்தைகள் இருக்கும் அறையில் மரத்தோற்றத் தரை எவ்வளவோ மேல்.

பிரச்சினை என்னவென்றால், பழைய அறைகளில் தீம் பெரும்பாலும் துணியில்தான் இருந்தது. விரிப்பு, திரைச்சீலை, தரைவிரிப்பு, சுவர்த்தாளின் மேற்கரை. இந்த நான்கும் போனபோது கதையும் கூடவே போய்விட்டது. அந்த வெற்றிடத்தை நிரப்ப மிக மலிவான வழி ஒரு கதாபாத்திரப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டுவது. அடுத்த படம் ஓடினால் அதையும் மாற்றிக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். போக வேண்டியதாகவே இருந்த தீம்களும் உண்டு. டிஸ்னியின் ‘டிக்ஸி லேண்டிங்ஸ்’ 1992-இல் திறந்தபோது அமெரிக்கத் தெற்கின் பழைய தோட்ட மாளிகைகளை அழகுப் பொருளாக்கியது; அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்கள் அடிமைகள். 2001-இல் அது ‘போர்ட் ஆர்லியன்ஸ் ரிவர்சைடு’ ஆனது. அந்தப் பெயர் போனதற்கு நான் வருந்தவில்லை.

ஏரியின் இரண்டு கரைகள்: பாப் செஞ்சுரியும் ஆர்ட் ஆஃப் அனிமேஷனும்

புளோரிடா டிஸ்னி ஹோட்டல்களில் பட்ஜெட் வகையைச் சேர்ந்த இந்த இரண்டும் பக்கத்துப் பக்கத்தில், நடுவே ஒரு ஏரி, அதன்மேல் ஒரு பாலம். பாப் செஞ்சுரி 2003 டிசம்பரில் திறந்தது. ஐம்பதுகள் முதல் தொண்ணூறுகள் வரை பத்தாண்டுக்கு ஒரு பகுதி. வெளியே மாடி உயரத்துக்கு யோயோ, பௌலிங் பின், ரூபிக் கனசதுரம். நூற்றாண்டின் முதல் பாதியைச் சொல்ல வேண்டிய எதிர்க்கரைக் கட்டடங்கள் பாதியில் நின்று ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடந்தன. அந்த இடத்தில்தான் 2012-இல் ஆர்ட் ஆஃப் அனிமேஷன் வந்தது.

பாப் செஞ்சுரி அறை வெறும் 260 சதுர அடி. 2017-இல் தொடங்கிய புதுப்பிப்பில் இரண்டு கட்டில்களில் ஒன்றைச் சுவருக்குள் மடிக்கிற மாதிரி செய்தார்கள். மடித்தால் அங்கே ஒரு மேசை கிடைக்கும். கட்டிலுக்கு அடியில் பெட்டி வைக்க இடம், தேவையான இடத்தில் சார்ஜிங் வசதி. இவ்வளவு சின்ன அறையில் நான்கு பேர் புழங்க இதைவிட நல்ல யோசனை இருக்க முடியாது. தீம்? கிட்டத்தட்ட இல்லை. எழுபதுகள் பகுதியில் தங்குகிறீர்களா தொண்ணூறுகளிலா என்று அறைக்குள்ளிருந்து சொல்ல முடியாது. வெளியே அவ்வளவு ஆர்ப்பாட்டம் செய்துவிட்டு உள்ளே இப்படி மௌனமாகிவிடுவது எனக்கு உறுத்துகிறது. ஆனால் பகல் முழுக்கப் பூங்காவில் இருக்கப்போகிறவர்களுக்கு இந்த அறையைத் தயங்காமல் சொல்வேன்.

எதிர்க்கரையில் நிலைமை தலைகீழ். அங்கே கதாபாத்திரம் பிறகு ஒட்டியது அல்ல, முதல் வரைபடத்திலேயே இருந்தது. ‘கார்ஸ்’, ‘ஃபைண்டிங் நீமோ’, ‘லயன் கிங்’ குடும்ப அறைத்தொகுதிகள் 1,120. ‘லிட்டில் மெர்மெய்ட்’ அறைகள் 864. கார்ஸ் முற்றத்தில் நடந்தால் படத்தின் பாலைவனச் சிற்றூரில் நடக்கிறோம். உள்ளே நாற்காலியும் மேசையும் அதே ஊரைச் சேர்ந்தவை. இதனால்தான் கதாபாத்திரமே எதிரி என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை. டோக்கியோ டிஸ்னி ரிசார்ட்டில் 2022 ஏப்ரலில் திறந்த டாய் ஸ்டோரி ஹோட்டலும் இதற்குச் சாட்சி. 595 அறைகளும் அந்தப் படத்துச் சிறுவன் ஆண்டியின் அறையைப் போலவே, மேகச் சுவர்த்தாள் உட்பட. நாம் பொம்மை அளவுக்குச் சுருங்கிவிட்டோம் என்பதே அங்கே கதை, அது எந்த இடத்திலும் கலைவதில்லை.

பாரிஸ்: கட்டடக் கலைஞர்களின் ஊர்

டிஸ்னிலேண்ட் பாரிஸ் 1992 ஏப்ரலில் திறந்தபோது ஹோட்டல்களைப் பெயர்பெற்ற கட்டடக் கலைஞர்களிடம் ஒப்படைத்தார்கள். நியூயார்க் ஹோட்டல் மைக்கேல் கிரேவ்ஸ், சாண்டா ஃபே அன்டோயின் பிரெடாக், ஷயானும் நியூபோர்ட் பேயும் ராபர்ட் ஸ்டெர்ன். ஒவ்வொன்றும் அமெரிக்காவின் ஒரு மூலை.

இவற்றில் மூன்றை எடுத்துக்கொள்கிறேன். நியூயார்க் 2021 ஜூனில் மார்வெல் ஹோட்டலாகத் திரும்பி வந்தது. கேட்டபோது பயமாக இருந்தது. பார்த்தால் நன்றாக யோசித்திருக்கிறார்கள். மார்வெல் நாயகர்களில் பாதிப்பேர் நியூயார்க்வாசிகள். ஹோட்டலை மன்ஹாட்டனின் ஓவியக்கூடம் போல வைத்து, 300-க்கும் மேற்பட்ட படைப்புகளை அதில் மாட்டியிருக்கிறார்கள். ஊர் மாறவில்லை, சுவரில் இருப்பது மாறியது.

சாண்டா ஃபே அப்படித் தப்பவில்லை. பிரெடாக் அதை வெறுமையின் அழகாகக் கட்டினார். மண் நிறப் பெட்டிக் கட்டடங்கள், நடுவே பாலைவனத் தடங்கள், வாசலில் திறந்தவெளித் திரையரங்கின் திரை போல நின்ற பலகையில் கிளின்ட் ஈஸ்ட்வுட். பின்னால் அங்கே ‘கார்ஸ்’ வந்தது. பாலைவனம், நெடுஞ்சாலை எல்லாம் பொருந்துகிறதே என்று வாதாடலாம். ஆனால் அந்த வடிவமைப்பின் உயிர் அதன் மௌனம். அதில் சிரிக்கும் சிவப்புக் காரை வைத்தால் மௌனம் போய்விடும். பக்கத்திலேயே ஷயான் ஹோட்டலில் அறைக்குள் ‘டாய் ஸ்டோரி’யின் கௌபாய் பொம்மை வுடி வந்துவிட்டார், ஆனாலும் அறையிலிருந்து சாப்பாட்டு இடத்துக்குப் போக ஒரு முழு வெஸ்டர்ன் தெருவைக் கடந்துதான் ஆக வேண்டும். அந்தத் தெரு இருக்கும்வரை ஷயான் ஷயான்தான்.

மாற்ற முடியாத தீம்

மைக்கேல் கிரேவ்ஸ் புளோரிடாவில் 1990-இல் கட்டிய ஸ்வானும் டால்பினும் இந்த விஷயத்தில் ஒரு பாடப்புத்தகம். கூரையில் 47 அடி அன்னங்கள், 56 அடி மீன்கள். உள்ளே விளக்கு, தரைவிரிப்பு, கதவு ஓவியம் வரை எல்லாமே அவர் கை. மாநாட்டுக்கு வருகிறவர்களை நம்பி நடக்கும் ஹோட்டல்கள் இவை. புதுப்பிப்பு மேல் புதுப்பிப்பாக உள்ளே அவர் வேலை பெரும்பாலும் மறைந்துவிட்டது. இன்று அந்த அறை வசதியானது, சுத்தமானது, எந்த ஊரிலும் இருக்கக்கூடியது.

இதற்கு எதிரில், அதே புளோரிடா டிஸ்னியில் பீட்டர் டொமினிக் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த இரண்டை வைக்கிறேன். 1994-இன் வில்டர்னஸ் லாட்ஜ், யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் பழைய மரவிடுதியை மாதிரியாகக் கொண்டது. கிராண்ட் கேன்யனின் பாறை அடுக்குகளைப் போலவே அடுக்கிய 82 அடிக் கணப்படுப்பு அதன் லாபியில் நிற்கிறது. 2001-இன் அனிமல் கிங்டம் லாட்ஜில் புல்வெளியைப் பார்த்த அறை எடுத்தால் பால்கனிக்குக் கீழே ஒட்டகச்சிவிங்கி மேயும். மெத்தை விரிப்பை எத்தனை முறை மாற்றினாலும் ஒட்டகச்சிவிங்கியை யாரும் மாற்றப்போவதில்லை. டோக்கியோ டிஸ்னிசீ பூங்காவுக்குள்ளேயே நிற்கும் மிராகோஸ்டா ஹோட்டலும் இந்த ரகம். துறைமுகத்தைப் பார்த்த ஜன்னல்தான் அதன் அலங்காரம்.

இந்தப் போக்கின் மறு எல்லை ‘ஸ்டார் வார்ஸ்: கேலக்டிக் ஸ்டார்குரூசர்’. நூறு அறை, ஜன்னலுக்குப் பதில் விண்வெளி காட்டும் திரை, ஒரு நொடிகூடக் கதையை விட்டு வெளியே வர முடியாத இரண்டு இரவுகள். 2022 மார்ச்சில் திறந்து 2023 செப்டம்பரில் மூடிவிட்டார்கள். கதை குறையே இல்லை. விலைதான் பெரும்பாலான குடும்பங்களுக்கு எட்டவில்லை.

அப்புறம், முன்பதிவு செய்யும்போது. அறைப் படங்களில் தேதி பாருங்கள். புதுப்பிப்பு நடக்கும் காலத்தில் பழைய அறையும் புதிய அறையும் ஒரே விலையில் கலந்து விற்கப்படுவதுண்டு. குழந்தைகள் சின்னவர்கள் என்றால் ஆர்ட் ஆஃப் அனிமேஷன் குடும்ப அறைத்தொகுதி. பணம் முக்கியம் என்றால் பாப் செஞ்சுரி. மோனோரயில் பாதையில்தான் தங்க வேண்டும் என்றால் கன்டெம்பரரி கோபுரம்; பாலினீசியனை அறைக்காக அல்ல, தோட்டத்துக்காகவும் குளக்கரைக்காகவும் எடுங்கள். ஒரே ஒருமுறைதான் செலவு செய்ய முடியும் என்றால் அனிமல் கிங்டம் லாட்ஜில் புல்வெளி அறை. அதில்கூடச் செலவைக் குறைக்கப் புல்வெளி தெரியாத அறையை எடுப்பதாக இருந்தால் அந்த ஹோட்டலே வேண்டாம். வில்டர்னஸ் லாட்ஜுக்குப் போய்விடுங்கள்.