யானை சொல்லும் வரலாறு: படநூலா, சித்திரக்கதையா?

விலங்குக் கதைகள் வழியே பேரப்பிள்ளைகளுக்கு வரலாற்றை அறிமுகப்படுத்த விரும்பும் காரைக்குடி அப்பத்தாக்களும் ஆயாக்களும், பக்கத்துக்கு ஒரு பெரிய படமும் நான்கு வரியும் கொண்ட படநூலை வாங்குவதா, கட்டம் கட்டமாக நகரும் சித்திரக்கதையை வாங்குவதா என்று தடுமாறுகிறார்கள்.

விலை: வழவழப்பான தாளில் அச்சாகும் வண்ணப் படநூலுக்குச் செலவு கூடுதல்; கறுப்பு வெள்ளைச் சித்திரக்கதை மலிவு.

நீடித்து உழைப்பது: கம்பி அடித்த புத்தகம் எதுவானாலும் நடுத்தாள்தான் முதலில் கழலும்; கெட்டி அட்டைப் படநூல் தாங்கும்.

வரலாறு: வேறுபாடு பெரிதாகத் தெரிவது இங்கேதான். பர்மாக் காடுகளில் யானைகள் இழுத்த தேக்கே நம் வளவுத் (வீட்டு உள்முற்றத்துத்) தூண்கள் பலவாக நிற்கிறது என்பதை, யானையே சொல்வதாக, காடு, ஆறு, கப்பல், முகப்பு என்று நான்கே படங்களில் படநூல் காட்டிவிடும். கேட்ட பிள்ளை எழுந்துபோய்த் தூணைக் கட்டிப்பிடித்து, கை எட்டாமல் திரும்பிவரும். ஆனால், 1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் முன்னேறியதால் இந்தியர்கள் பலர் நடந்தே ஊர் திரும்ப நேர்ந்தது என்ற காரணத் தொடர்ச்சிக்குக் கட்டங்களே ஏற்றவை. (யானையைப் பாடப்புத்தகம்போல் தேதி ஒப்பிக்க வைக்கும் நூல்களை நான் வாங்குவதில்லை.)

எழுத்துக்கூட்டும் வயதுவரை மடியில் வைத்து வாசித்துக்காட்டப் படநூலும், தானே வாசிக்கும் பிள்ளைக்குச் சித்திரக்கதையும் பொருந்தும். தமிழ் பேச மட்டும் தெரிந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைக்கு, பத்து வயதானாலும் படநூலே சரி.