பெர்ல் மொழியின் எக்ஸ்போர்ட்டர் மாட்யூல்: ஒரு பயனர் மதிப்பீடு

ஏழு ஸ்கிரிப்ட்டுகள் ஒரே டேட்டாபேஸ் முகவரியையும் பதிவுக் (log) கோப்பின் பாதையையும் பகிர்ந்துகொள்வதற்காக, பெர்ல் நிரல்மொழியுடனேயே வரும், ஒரு மாட்யூலின் (தனிக் கோப்பில் வைத்த நிரல்தொகுப்பின்) மாறிகளைப் பிற ஸ்கிரிப்ட்டுகளுக்குத் தரும் எக்ஸ்போர்ட்டரைச் சில மாதங்களாகப் பயன்படுத்திவருகிறேன். முன்பு அமைப்புக் கோப்பை 'டூ' கட்டளையால் ஏற்றினோம். அதில் 'மை' என்ற அறிவிப்புச் சொல் கொண்டு அறிவித்த மாறிகள் கோப்புக்கு வெளியே தெரியவில்லை, 'மை'யை எடுத்தாலோ மாறியின் முன் பேக்கேஜ் (பெயர்வெளி) பெயரைக் கேட்டு, அறிவிக்காத மாறிகளைத் தடுக்கும் 'யூஸ் ஸ்ட்ரிக்ட்' மறித்தது. எரிச்சலில் ஸ்ட்ரிக்டையே நீக்கிய ஒரு ஸ்கிரிப்ட், மாறியின் பெயரில் ஓரெழுத்து பிசகியதால் இரவெல்லாம் வெற்றுப் பாதையுடன் ஓடியது.

எக்ஸ்போர்ட்டரில் அந்தத் தொல்லை இல்லை. மாட்யூலில் 'அவர்' (நம் மரியாதைச் சொல் அன்று, பெர்ல் 5.6-இல் வந்த அறிவிப்புச் சொல்) கொண்டு அறிவித்து ஏற்றுமதிப் பட்டியலில் சேர்த்துவிட்டால், 'யூஸ்' வரி கம்பைல் நேரத்திலேயே (நிரல் ஓடத் தொடங்கும் முன்பே) இயங்குவதால், இறக்குமதியான மாறியை ஸ்ட்ரிக்ட் தடையின்றி ஏற்கிறது, இயக்க நேரத்தில் ஏற்றும் 'ரிக்வயர்' இதற்கு உதவாது.

குறையும் உண்டு. அமைப்புகள் பெருகியதும் எல்லாவற்றையும் ஒரே ஹேஷில் (சாவி-மதிப்பு இணைகளின் தொகுப்பில்) அடைத்தோம். அதன் சாவிப் பெயரில் நேரும் பிழையை ஸ்ட்ரிக்ட் கண்டுகொள்வதில்லை. ஹேஷ் யூட்டில் மாட்யூலின் லாக் கீஸ் (lock_keys) செயற்கூற்றால் சாவிகளைப் பூட்டிய பிறகே பிழைகள் உடனுக்குடன் சிக்கின. பெர்ல் 5.26 முதல் நடப்பு அடைவு மாட்யூல்களைத் தேடும் பாதையில் இல்லாததால், ஒவ்வொரு ஸ்கிரிப்ட்டிலும் அந்தப் பாதையில் அடைவைச் சேர்க்கும் 'யூஸ் லிப்' வரியும் தேவைப்பட்டது.