நாலு மணிக்கு பிஸ்கட்டா, கடலை மிட்டாயா, சுண்டலா? பல்லைக் கேட்டால்...

கிண்டியில் நான் வேலை பார்க்கும் இடத்தில் நாலு மணி ஆனால் கால் தானாக டீக்கடைக்குப் போய்விடும். போன வருஷம் கடைவாய்ப்பல்லில் ரூட் கேனல் செய்துகொண்ட பிறகுதான், அங்கே கண்ணாடி ஜாடிகளில் இருப்பதைப் பல்லின் கணக்கில் பார்க்க ஆரம்பித்தேன்.

அந்தக் கணக்கு எளிது. வாயிலுள்ள பாக்டீரியா சர்க்கரையைத் தின்று அமிலத்தை விடும். வாயின் பிஎச் அளவு (குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று காட்டும் எண்) சுமார் 5.5-க்குக் கீழே போனால் பல்லின் மேலுறையான எனாமல் கரையத் தொடங்கும். எச்சில் அதைச் சரிக்கட்ட அரை மணியோ, ஒரு மணி நேரமோ ஆகலாம். அதற்குள் அடுத்த வாய் போட்டால் மறுபடி முதலிலிருந்து. அதனால் எவ்வளவு தின்றோம் என்பதோடு, எத்தனை தடவை தின்றோம் என்பதையும் பார்க்க வேண்டும்.

பட்டர் பிஸ்கட் பார்க்க சாது. டீயில் நனைத்தால் கூழாகிப் பல்லிடுக்கில் அப்பிக்கொள்ளும். அதிலுள்ள மாவும் எச்சில் பட்டுச் சர்க்கரையாக உடையும்.

கடலை மிட்டாயில்தான் எங்கள் வீட்டில் சண்டை. "வெல்லம்தானேடா, உடம்புக்கு நல்லது" என்பார் அம்மா. வெல்லத்திலும் பெரும்பங்கு சுக்ரோஸ்தான், அதாவது வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே சர்க்கரை. பாக்டீரியா நிறம் பார்ப்பதில்லை. பாகு வேறு பல்லில் ஒட்டிக்கொண்டு நகராது. கடலைதான் வேண்டுமென்றால் வறுத்த கடலைப் பொட்டலம் இருக்கிறதே! மிட்டாயேதான் வேண்டுமா, மதியச் சாப்பாட்டோடு சேர்த்துத் தின்னலாம். அப்போது எச்சில் நன்றாக ஊறியிருக்கும், தனியாக இன்னொரு அமிலச் சுற்றும் வராது.

என் ஓட்டு சுண்டலுக்கு. மெரினா தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டலோ, வீட்டுக் கொண்டைக்கடலையோ, மென்றுதான் தின்ன வேண்டும். மெல்லும்போது எச்சில் ஊறும். சர்க்கரை சேர்ப்பதில்லை, பாகு போல ஒட்டுவதும் இல்லை.

மோசமானது சர்க்கரை போட்ட லெமன் சோடா. சர்க்கரையும் அமிலமும் ஒரே கிளாஸில். குடித்த கையோடு பல் தேய்க்கவும் கூடாது, இளகிய எனாமல் தேயும். தண்ணீரால் கொப்பளித்துவிட்டு ஒரு மணி நேரம் பொறுக்கலாம்.

டீயை விடச் சொன்னால் நானே கேட்க மாட்டேன். ஆனால் கடையில் நின்று ஐந்து நிமிஷத்தில் குடிப்பது வேறு, பிளாஸ்கில் வாங்கிவந்து ஆறு மணி வரை உறிஞ்சுவது வேறு. நான் செய்தது இரண்டாவது. நாளைக்கு நாலு டீ, தலா இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் எட்டு ஸ்பூன் ஆகிறது. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்ன கடுமையான வரம்பு நாளொன்றுக்குச் சுமார் 25 கிராம், அதாவது ஆறு ஸ்பூன். இப்போது அரைச் சர்க்கரை.

பல் விளக்குவதில் காலையைவிட இரவுதான் முக்கியம், அதைத் தவறவிடக்கூடாது. தூக்கத்தில் எச்சில் வெகுவாகக் குறைந்துவிடும். 'ஆலும் வேலும் பல்லுக்குறுதி' என்பதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் சொத்தையைத் தடுக்க நான் நம்புவது ஃபுளோரைடு பேஸ்ட்டைத்தான். பல்லில் தங்க வேண்டிய ஃபுளோரைடு கழுவிப்போய்விடும் என்பதால், துப்பியபின் வாய் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளிப்பதையும் நிறுத்திவிட்டேன்.

அம்மா இன்னும் கடலை மிட்டாய் டப்பாவை நிரப்பித்தான் வைக்கிறார். இப்போதெல்லாம் அதிலிருந்து ஒன்று என் மதியச் சாப்பாட்டு டப்பாவுக்குள் வந்துவிடுகிறது.