பழைய போர்ஷே 944 வைத்திருப்பவர்களுக்கு: ரசீதில் மட்டும் மாற்றப்பட்ட ஆக்சில் போல்ட்டுகள்

நான் வசிக்கும் ஜெர்மனியில், பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கென்றே நடத்தப்படுவதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு பணிமனை, என்னுடைய 1986-ஆம் ஆண்டு போர்ஷே 944-இன் பின் ஆக்சில் வேலைக்கு முழுத் தொகையையும் வாங்கிக்கொண்டது. போல்ட்டுகள் அனைத்தையும் புதிதாக மாற்றியதாக ரசீதும் எழுதிக் கொடுத்துவிட்டு, கழற்றிய பழைய போல்ட்டுகளையே கிரீஸோடு திரும்ப மாட்டி அனுப்பியது. சில வாரங்களில், நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவை கழன்றன. அந்த இடத்தின் பெயரைப் போட்டுச் சண்டை வளர்க்கும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் இதே வேலையை எந்த ஊரில் கொடுப்பவரும் இதே வகையில் ஏமாறக்கூடும் என்பதால், என்ன நடந்தது என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இந்தக் காரின் அமைப்பைத் தெரிந்துகொண்டால்தான் ஏமாற்று எங்கே நடந்தது என்பது விளங்கும். 1982 முதல் 1991 வரை வெளிவந்த 944-இல் எஞ்சின் முன்னால் இருக்க, கியர்பாக்ஸ் பின்சக்கரங்களுக்கு நடுவில் இருக்கிறது. அதிலிருந்து இரு பக்கமும் ஓர் ஆக்சில் ஷாஃப்ட் சக்கரத்துக்குப் போகிறது. ஒவ்வொரு ஷாஃப்டின் இரு முனையிலும் ஒரு சிவி ஜாயின்ட், அதாவது சக்கரம் ஏறி இறங்கினாலும் சுழற்சியைச் சீராகக் கடத்தும் மூட்டு. ஒவ்வொரு ஜாயின்டும் ஆறு போல்ட்டுகளால் ஃபிளாஞ்சில் (அது பொருந்தும் வட்டமான உலோக முகப்பில்) இறுக்கப்பட்டிருப்பதால், மொத்தம் 24 போல்ட்டுகள். என் காரில் இருப்பவை எம்8 அளவு (8 மில்லிமீட்டர் விட்டம்), தலையில் 12.9 என்று பொறிக்கப்படும் உயர் வலிமைத் தரம் கொண்டவை. 42 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முடுக்கப்பட வேண்டியவை. எஞ்சினின் திருப்புவிசையை இந்தப் போல்ட்டுகளின் தண்டுகள் நேரடியாகச் சுமப்பதில்லை. அவை ஜாயின்டையும் ஃபிளாஞ்சையும் அழுத்திப் பிடிக்க, அந்த இரண்டு முகங்களுக்கும் இடையே உண்டாகும் உராய்வுதான் விசையைச் சக்கரத்துக்குக் கடத்துகிறது. அந்தப் பிடி தளர்ந்தால்தான் சுமை தண்டுகளின் மேல் விழுகிறது. அதற்குப் பிறகு துளைகள் நீள்வதும் போல்ட்டுகள் அறுபடுவதும் காலக் கேள்வி மட்டுமே.

ஜாயின்டுகளை மூடியிருக்கும் ரப்பர் உறைகளான பூட்டுகள் கிழிந்து கிரீஸ் வெளியே தெறித்துக்கொண்டிருந்ததால்தான் வண்டியை அங்கே விட்டேன். நான்கு பூட்டுகள், புது கிரீஸ், புதுப் போல்ட்டுகள், புது லாக் வாஷர்கள் என்று மதிப்பீட்டிலேயே தனித்தனி வரிகளாக எழுதியிருந்தார்கள். ரசீதிலும் அதே வரிகள் அப்படியே இருந்தன. வண்டி திரும்பக் கைக்கு வந்தபோது நன்றாகத்தான் ஓடியது. பிறகு, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து மறுபடி மிதிக்கும் கணத்தில் மட்டும் பின்னாலிருந்து "டக்" என்று ஒரு சத்தம் எழத் தொடங்கியது. தொலைபேசியில் கேட்டபோது, பழைய வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும், கியர்பாக்ஸ் மவுன்ட் தேய்ந்திருக்கும் என்று பதில் வந்தது. அடுத்து, வேகம் எடுக்கும்போது அதிர்வு சேர்ந்துகொண்டது. இரண்டும் ஒன்றாக வலுத்த அன்றே நெடுஞ்சாலையின் ஓய்விடத்தில் வண்டியை ஒதுக்கி நிறுத்தினேன். கட்டியிழுக்கும் வண்டியில் வந்தவர் கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இதை இனி ஓர் அடிகூட ஓட்டக் கூடாது என்றார்.

அவர் சொன்னது மிகை இல்லை. ஷாஃப்டின் ஒரு முனை விடுபட்டுவிட்டால், அது சுழன்று அடித்துப் பிரேக் குழாயையோ கியர்பாக்ஸின் வெளிக்கூட்டையோ உடைக்கும். அப்படி எதுவும் உடையாவிட்டாலும், எஞ்சினின் விசையை இரு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் அதை எல்லாம் விடுபட்ட பக்கமே வீணாக்குவதால் வண்டி நகராது. கியரில் போட்டு நிறுத்தினாலும் நிற்காது, சரிவில் உருளும். கைப்பிரேக் ஒன்றே துணை.

வேறொரு பணிமனையில் லிஃப்டில் ஏற்றி, எதையும் தொடுவதற்கு முன் புகைப்படம் எடுக்கச் சொன்னேன். இடது பக்கம் கியர்பாக்ஸ் முனையில் இரண்டு போல்ட்டுகளைக் காணவில்லை. மீதி நான்கையும் விரலாலேயே திருக முடிந்தது. அவற்றின் தலைகளில் இருந்த அறுகோணக் குழிகளில் ஆண்டுக்கணக்கான மண்ணும் கிரீஸும் கெட்டியாக அடைந்திருந்தன. அந்த அழுக்கைத் தோண்டி எடுக்காமல் ஆலன் கீயை மேலாகச் செருகித் திருகியதால் விளிம்புகள் மழுங்கியும் இருந்தன. புதுப் போல்ட் என்று ரசீதில் எழுதப்பட்ட பொருள் இதுதான். வலது பக்கம் இன்னும் மோசம்: அங்கே இரண்டு தலைகளில் 8.8 என்ற எண் பொறிக்கப்பட்டிருந்தது. எந்த இரும்புக் கடையிலும் கிடைக்கும் அந்த வகை எம்8 போல்ட், ஏறத்தாழ 25 நியூட்டன் மீட்டர் வரைதான் தாங்கும்; 42 வைத்தால் இழுபட்டு நீண்டுவிடும். இரண்டு போல்ட்டுகளுக்கு ஒன்றாகப் பொதுவில் வர வேண்டிய பிறைவடிவத் தகடுகளில் ஒன்றும் இல்லை. அந்த இடத்தில் சாதாரண ஸ்பிரிங் வாஷர்களைச் செருகியிருந்தார்கள்.

ஜாயின்டைக் கழற்றியபோது வெளிப்பட்ட காட்சிதான் எல்லாவற்றுக்கும் விளக்கமாக இருந்தது. இரு முகங்களுக்கும் இடையில் கறுப்பு மாலிப்டினம் கிரீஸ் ஒரு படலமாக அப்பியிருந்தது. ஜாயின்டுக்குள் கிரீஸை நிரப்பும்போது போல்ட் துளைகள் வழியாகவும் விளிம்பு வழியாகவும் அது வழிவது இயல்பே. துடைக்காமல் மாட்டுவதுதான் குற்றம். அந்தப் படலத்தின் மேல் எவ்வளவு முடுக்கினாலும், வண்டி ஓடி ஜாயின்ட் சூடானதும் கிரீஸ் பிதுங்கி வெளியேறும். அது விட்டுச்சென்ற இடைவெளியின் அளவுக்குப் போல்ட்டின் இழுவிசை குறையும். காலை எடுப்பதும் மிதிப்பதுமாக விசை முன்னும் பின்னும் மாற மாற, முகங்கள் ஒன்றன்மேல் ஒன்று மிக நுண்ணிய அளவில் பக்கவாட்டில் வழுக்கும். ஒரு போல்ட்டைத் தானாகக் கழற்றுவது அதன் நீளவாக்கில் வரும் இழுப்பைவிட இந்தப் பக்கவாட்டு வழுக்கலே என்பதைக் கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1969-இலேயே சோதனை செய்து காட்டிவிட்டார். அவர் பெயரால் அழைக்கப்படும் அந்த அதிர்வுச் சோதனையில் சாதாரண ஸ்பிரிங் வாஷர் ஏறக்குறைய எந்தப் பயனும் தருவதில்லை. முடுக்கியதும் தட்டையாகிவிட்ட பிறகு அது வெறும் தகடுதான். அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தெரிந்திருக்கும் இந்தச் செய்தி, "பழைய கார் வல்லுநர்" என்று பலகை மாட்டியவருக்கு எட்டவில்லை என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு துளையாகத் துடைக்கும் நேரத்தை மிச்சப்படுத்தினார்கள், அவ்வளவே.

இரண்டாவது பணிமனையில் வேலை நடந்த விதத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஃபிளாஞ்சில் உள்ள ஒவ்வொரு மரைத் துளையிலும் பிரேக் கிளீனரை அடித்து, சிறு தூரிகையால் தேய்த்து, காற்றால் ஊதி, வெள்ளைத் துணியைத் திருகி உள்ளே விட்டு, அது கறுக்காமல் வெளியே வரும் வரை அந்த முதிய மெக்கானிக் விடவில்லை. ஜாயின்டின் முகத்தையும் ஃபிளாஞ்சின் முகத்தையும் அதேபோல் காயத் துடைத்தார். புது 12.9 போல்ட்டுகள், சரியான பிறைத் தகடுகள், இரு பக்கமும் பற்கள் கொண்ட கூம்புவடிவ ஷ்னோர் வாஷர்கள் ஆகியவை வந்தன. அந்த வாஷரின் பற்கள் ஒருமுறை அழுந்தினால் மழுங்கிவிடும் என்பதால், கழற்றியதை மறுபடி போடுவதே இல்லை என்றார். எல்லாவற்றையும் கையால் இறுதிவரை ஏற்றிவிட்டு, எதிரெதிராக, முதலில் பாதி அளவுக்கும் பிறகு 42-க்கும் டார்க் ரெஞ்சால் முடுக்கினார். ஏர் கன்னைத் தொடவே இல்லை. கடைசியில் ஒவ்வொரு தலையிலிருந்தும் தகடு வரை மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு இழுத்தார்; போல்ட் துளி திரும்பினாலும் கோடு முறிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

போல்ட் கழலாமல் இருக்க மரையில் பூசும் நீலத் திரவத்தைப் பற்றிக் கேட்டேன். உலோகத்தோடு ஒட்டி, காற்றுப் படாத இடத்தில்தான் அது இறுகும். எண்ணெய்ப் பசை இருந்தால் ஒழுங்காகப் பிடிக்காது. ஆகவே சுத்தம் செய்யாத மரைக்கு அது மருந்தல்ல, சுத்தம் செய்த மரைக்கு அவ்வளவு தேவையும் இல்லை என்பது அவர் கருத்து. எனக்கும் அது சரியாகவே படுகிறது. அதைப் பூசியிருந்தால், பிறகு ரெஞ்ச் வைத்துச் சோதிக்கும்போது இறுகிய பிடி உடைந்துவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

முதல் பணிமனைக்குப் புகைப்படங்களை அனுப்பியபோது, நான் வேகமாக ஓட்டியதுதான் காரணம் என்று எழுதினார்கள். 8.8 போல்ட் எப்படி வந்தது என்ற கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை. ஜெர்மானியச் சட்டப்படி, குறையைச் சரிசெய்யும் வாய்ப்பை முதலில் அவர்களுக்கே காலக்கெடு வைத்து எழுத்தில் கொடுக்க வேண்டும். அதற்கு முன் வேறு இடத்தில் வேலையை முடித்துவிட்டால் செலவைக் கேட்கும் உரிமை பெரும்பாலும் போய்விடும். அதனால் இரண்டாவது பணிமனையை முதலில் பரிசோதித்து அறிக்கை தர மட்டுமே கேட்டேன். கெடு முடிந்த பிறகே வேலையைத் தொடங்கச் சொன்னேன். வாகனப் பணிமனை நடத்துபவர்களின் சங்கம் கட்டணமின்றி நடத்தும் சமரச மன்றத்தை நாடலாம் என்றால், அது சங்க உறுப்பினர்களான பணிமனைகளுக்கு மட்டுமே பொருந்தும். இவர்கள் உறுப்பினர் அல்லர். வாசலில் சங்கத்தின் அடையாளம் இருக்கிறதா என்று வண்டியை விடும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். வழக்கறிஞரின் கடிதம் போன பிறகு கூலியை மட்டும் திருப்பித் தந்தார்கள். மாட்டாத பொருள்களுக்கான பணம் இன்னும் வரவில்லை.

இப்படிப்பட்ட வேலையைக் கொடுப்பவர்கள், கழற்றிய பழைய போல்ட்டுகளைத் திருப்பித் தர வேண்டும் என்று முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். புதிதாக மாற்றாதவரால் அவற்றைத் தர இயலாது. தலையில் 12.9 இருக்கிறதா, பெயின்ட் கோடு இருக்கிறதா என்று லிஃப்டிலிருந்து இறக்கும் முன்பே பாருங்கள். ஏற்கெனவே எங்காவது பூட் மாற்றியவர்கள் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் வண்டியைத் தூக்கி, 24 போல்ட்டுகளையும் சக்கரத்தைத் திருப்பித் திருப்பி ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். கைக்கு எளிதில் எட்டாத கியர்பாக்ஸ் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். என் காரில் அவர்கள் அலட்சியமாக விட்டதும் அந்தப் பக்கத்தைத்தான்.