க்ரையோ பம்ப் மாட்டிய பிறகு: வெற்றிடம் அருமை, அந்த 'டக்'தான் தாங்கவில்லை

க்ரையோ பம்ப் என்றால், கடுங்குளிர்த் தகட்டில் வாயுவை உறையவைத்துப் பிடித்து வெற்றிடம் உண்டாக்குகிற பம்ப். அந்தத் தகட்டைக் குளிர்விக்கிற கோல்ட் ஹெட்டில், உள்ளே ஏறி இறங்கும் டிஸ்பிளேசர் என்ற உருளையின் சீல் மாற்றி, வெற்றிடச் சேம்பரின் தகட்டை இப்போதுதான் மறுபடி குளிரவைத்துக்கொண்டிருக்கிறோம். இந்த நேரம் பார்த்து நண்பர் ஒருவர் கேட்கிறார், "எங்க சேம்பருக்கும் க்ரையோ போடலாமா?" என்று. பதிலில் கொஞ்சம் சூடு இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஹால் த்ரஸ்டர் (வாயுவை மின்சாரத்தால் அயனியாக்கி வீசி விண்கலத்தைத் தள்ளுகிற இயந்திரம்) சோதிக்கிற சேம்பரில் வாயு விடாதபோது அழுத்தம் எவ்வளவு இறங்குகிறது என்பது பீற்றிக்கொள்ளத்தான் உதவும். த்ரஸ்டர் எரியும்போது எங்கே நிற்கிறது என்பதுதான் விஷயம். எஸ்பிடி-100 மாதிரி 1.35 கிலோவாட், 83 மில்லிநியூட்டன் த்ரஸ்டர் நொடிக்குச் சுமார் 5 மில்லிகிராம் ஜெனான் குடிக்கும். அதை விட்டுக்கொண்டே அழுத்தத்தை 10⁻⁵ டாரில் (டார் என்பது அழுத்த அலகு) நிறுத்த, நொடிக்கு ஏறத்தாழ 65,000 லிட்டர் இழுக்க வேண்டும். இதை, வேகமாகச் சுழலும் இதழ்களால் வாயுவை வெளியே தள்ளுகிற டர்போ பம்புகளை வைத்தே செய்யப் போனால், அவற்றை மாட்டுகிற ஃபிளாஞ்சு வளையங்களைப் போட சுவரில் இடம் இருக்காது. இழுக்காமல் விட்டாலோ, சேம்பரில் மிதக்கிற ஜெனானை த்ரஸ்டர் திரும்ப விழுங்கி அயனியாக்கி, விண்வெளியில் வராத உந்துவிசையைத் தரையில் காட்டிவிடும்.

க்ரையோ இங்கேதான் ஜெயிக்கிறது. ஜெனானைப் பிடிக்க 20 கெல்வின் வரை இறங்க வேண்டாம். 50 கெல்வினுக்குக் கீழே ஒரு தகடு இருந்தால் போதும், வந்து உறைந்து ஒட்டிக்கொள்ளும். ஒற்றை நிலை கோல்ட் ஹெட்டே தாங்கும். (செலவு குறையுமென்று கிரிப்டானுக்கு மாறுகிறவர்கள் கவனிக்க: அதற்கு 40 கெல்வினுக்கும் கீழே போக வேண்டும். இன்னொன்று, நைட்ரஜனுக்கு அளவிட்ட அயன் கேஜ் என்ற அழுத்தமானி காட்டுவதை ஜெனானுக்கு 2.87-ஆல் வகுக்க வேண்டும். ஒரு ஆய்வுத்தாளில் வகுத்தது, இன்னொன்றில் வகுக்காதது என்று வைத்து ஒப்பிடுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சலாக வரும்.)

எண்ணெய் ஆவியைக் கொண்டு இழுக்கிற டிஃப்யூஷன் பம்ப் காலத்தில் சேம்பரைத் திறந்து சுவரைத் தொட்டால் விரலில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறும். இப்போது, த்ரஸ்டரின் தாரை மோதுகிற கிராஃபைட் பலகையிலிருந்து சிதறி வந்த கருப்புப் பூச்சு மட்டும்தான். துடைத்தால் சுத்தம்.

சரி, 'டக்' விஷயத்துக்கு வருகிறேன். கோல்ட் ஹெட்டுக்குள் டிஸ்பிளேசர் ஏறி இறங்கும்போது நொடிக்கு ஒரு தடவை, சில சமயம் அதற்குச் சற்று மேலே, ஒரு தட்டு. உந்துவிசையை அளக்கிற எங்கள் த்ரஸ்ட் ஸ்டாண்ட் தலைகீழ் ஊசல்; அதுவும் ஏறக்குறைய அதே வேகத்தில் ஆடுகிற ஜாதி. திரையில் உந்துவிசைக் கோடு சீப்புப் பல் மாதிரி வருகிறது. முழு சக்தியில் சராசரி எடுத்துத் தப்பிக்கலாம். குறைந்த சக்தியில் சில மில்லிநியூட்டன் அளக்கப் போனால் அந்தப் பல்தான் பெரிதாகத் தெரியும். அதிர்வு கடக்காமலிருக்க நெளியும் குழாயான பெல்லோஸ் போட்டோம், ஆட்டத்தைக் காந்தத்தால் அடக்குகிற எடி கரண்ட் டேம்பர் போட்டோம். குறைந்ததே தவிர நிற்கவில்லை. ஹெட்டுகள் பல என்பதால் ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் தட்டுகள் வேறு வேறு வரிசையில் விழுகின்றன. நேற்று எடுத்த திருத்தம் இன்றைக்கு உதவாது.

ஸ்டாண்டுக்குப் பக்கத்து ஹெட்டை மட்டும் சில நிமிடம் நிறுத்தி அளக்கலாம். ஆனால் தகட்டின் வெப்பநிலை மீது ஒரு கண் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். 60 கெல்வினை நெருங்கினால் ஒட்டியிருந்த ஜெனான் கிளம்பி அழுத்தம் ஏற ஆரம்பித்துவிடும். ஸ்டாண்டின் பூஜ்ய அளவை எடுக்கிற ஆளுக்கும் வெப்பமானியைப் பார்க்கிற ஆளுக்கும் நடுவே நடக்கிற வாக்குவாதத்தை எந்த விற்பனையாளரும் விவரத்தாளில் போடுவதில்லை.

புது சீல் போட்டபின் தகடு பழையபடி நன்றாகக் குளிர்கிறது. தட்டு மட்டும் முன்பைவிடத் தெளிவாகக் கேட்கிறது.

மதிப்பெண் கேட்டால், இன்றைய மனநிலையில் ஐந்துக்கு இரண்டு. நண்பரே, உந்துவிசை அளக்கிற வேலை முக்கியமென்றால் யோசித்து வாங்குங்கள். எங்கள் சேம்பருக்கு இன்னும் ஒரு ஹெட் வேண்டுமென்று போன வாரமே எழுதிக் கொடுத்துவிட்டேன்.